கோவையிலிருந்து நியூயார்க்: தூரமும் பறக்கும் நேரமும் நாமே கணக்கிடும் முழு வழிகாட்டி

"நியூயார்க்குக்கு எத்தனை மணி நேரமாகுமுங்க?" மகனோ மகளோ நியூஜெர்சியில் குடியேறிவிட்ட வீடுகளிலும், சரக்கு வாங்கும் அமெரிக்க பையர்களைப் பார்க்கக் கிளம்பும் பனியன் கம்பெனிகளிலும் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழும். கைபேசியில் தேடினால் சட்டென்று ஒரு விடை வரும்: 13,500 கிலோமீட்டர் சொச்சம், பதினைந்து மணி நேரம். கணக்காகப் பார்த்தால் அது சரிதான். ஆனால் அந்தப் பதினைந்து மணி நேரத்தில் பறக்கும் விமானம் எதுவும் கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டிலிருந்து கிளம்புவதில்லை. வீட்டு வாசலில் கார் ஏறியதிலிருந்து பேரக்குழந்தையைத் தூக்கும் வரை ஏறக்குறைய அதன் இரு மடங்கு ஆகும்.

இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை ஒவ்வொரு படியாகக் கணக்கிடுவதுதான் இங்கே வேலை. உதாரணம் நியூயார்க். ஆனால் டொராண்டோவுக்கோ மெல்போர்னுக்கோ போகிறவர்களும் ஊர் எண்களை மட்டும் மாற்றி இதே வழியில் கணக்குப் போடலாம்.

படி 1: எந்த நிலையம், எந்த நிலையம் வரை

ஊர் பெயரை வைத்துத் தேடாதீர்கள், விமான நிலையத்தை வைத்துத் தேடுங்கள். கோவையின் குறியீடு சி.ஜே.பி. நியூயார்க் பகுதிக்கு வெளிநாட்டு விமானங்கள் வந்து இறங்கும் பெரிய நிலையங்கள் இரண்டு: ஜே.எஃப்.கே., நியூவார்க். நியூவார்க் நிலையம் நியூஜெர்சி மாநிலத்தில் இருக்கிறது. அதே மாநிலத்து எடிசன் ஊர்ப் பக்கம் பிள்ளைகள் இருந்தால் அங்கே இறங்குவது வசதி, ஜே.எஃப்.கே.யில் இறங்கினால் நியூயார்க் நகரப் போக்குவரத்தைக் கடந்து வர வேண்டும். கட்டணம் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், அழைத்துப் போக வருகிறவருக்கு எது பக்கம் என்று கேட்டு முடிவு செய்யுங்கள்.

நம் பக்கத்திலும் தேர்வு உண்டு. கோவையிலிருந்து நேரடியாக வெளிநாடு போக சிங்கப்பூர், சார்ஜா, அபுதாபி ஆகிய ஊர்களுக்கு விமானங்கள் இருக்கின்றன. அபுதாபி விமானத்தை இண்டிகோ தொடங்கியது 2024 ஆகஸ்டில்தான். அது இல்லையென்றால் வாளையாறு தாண்டி, பாலக்காடு, திருச்சூர் வழியாக நெடும்பாசேரி, அதாவது கொச்சி விமான நிலையம். கோவையிலிருந்து ஏறக்குறைய 170 கிலோமீட்டர். குதிரான் மலையில் சுரங்கப்பாதை திறந்த பிறகு அந்தச் சாலையில் பழைய இழுபறி இல்லை. சேலம், நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்குப் பெங்களூரு கைக்கு எட்டுகிறது. கரூர்க்காரர்களுக்குத் திருச்சி கோவையைவிடப் பக்கம்.

படி 2: நேர்த்தூரம்

பூமி உருண்டை என்பதால் இரு ஊர்களுக்கு இடையே மிகக் குறைந்த தூரம் ஒரு வளைவாகத்தான் இருக்கும். அதைக் கணக்கிடப் பள்ளிக்கூடத்து முக்கோணவியல் போதும். கைபேசியில் உள்ள கால்குலேட்டரைப் படுக்கை வாட்டில் திருப்பினால் சைன், காஸ் பொத்தான்கள் வந்துவிடும். அது டிகிரியில் இருக்கிறதா, ரேடியனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரேடியனில் இருந்தால் வரும் விடைக்குத் தலையும் இருக்காது, வாலும் இருக்காது.

கோவை விமான நிலையம் 11.03 பாகை (டிகிரி) வடக்கு, 77.04 பாகை கிழக்கு. ஜே.எஃப்.கே. 40.64 பாகை வடக்கு, 73.78 பாகை மேற்கு. ஒன்று கிழக்கிலும் ஒன்று மேற்கிலும் இருப்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும்: 150.82. இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் கழிக்க வேண்டும். கூட்டியது 180ஐத் தாண்டினால் 360இலிருந்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டு பெருக்கல். சைன் 11.03ஐ சைன் 40.64ஆல் பெருக்கினால் 0.1246. அப்புறம் காஸ் 11.03, காஸ் 40.64, காஸ் 150.82 மூன்றையும் பெருக்கினால் கழித்தல் 0.6503. இரண்டையும் கூட்டினால் கழித்தல் 0.5257. இதற்குத் தலைகீழ் காஸ் (கால்குலேட்டரில் cos⁻¹) எடுத்தால் 121.72 பாகை. பூமியின் மேல் ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் 13,535 கிலோமீட்டர்.

பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டையாக இருப்பதால் இந்த விடை அரை சதவீதம் வரை முன்பின் ஆகலாம். நம் வேலைக்கு அது பொருட்டே இல்லை. கணக்குப் போடப் பொறுமை இல்லாதவர்கள் கூகுள் வரைபடத்தில் தூரம் அளக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். சில தளங்கள் மைலிலும், வேறு சில கடல் மைலிலும் காட்டும். மைலுக்கு 1.609 கிலோமீட்டர், கடல் மைலுக்கு 1.852 கிலோமீட்டர். நம் 13,535 கிலோமீட்டரே மைலில் ஏறக்குறைய 8,410, கடல் மைலில் 7,310 என்று தெரியும். மூன்றும் ஒரே தூரம்தான்.

படி 3: அந்தக் கோடு எந்தப் பக்கம் போகிறது

பலரும் தாண்டிப் போய்விடும் படி இது. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் ருசியான படியும் இதுதான்.

அமெரிக்கா மேற்கே இருக்கிறது என்று சுவரில் தொங்கும் வரைபடம் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. பீளமேட்டில் நின்று நியூயார்க் எந்தப் பக்கம் என்று கேட்டால் பாலக்காட்டுக் கணவாய் பக்கம் கை நீட்டுவோம். உலக உருண்டை ஒன்றை எடுத்து, கோவையிலும் நியூயார்க்கிலும் நூலின் இரு முனைகளை வைத்து இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வடக்கு-வடமேற்காக, அதாவது மேட்டுப்பாளையம், கோத்தகிரி மலைப் பக்கமாகக் கிளம்பும். வடக்கிலிருந்து மேற்காக 26 பாகைதான் சாய்வு.

அங்கிருந்து அது மும்பையைத் தொட்டு, கட்ச் வழியாகப் பாகிஸ்தானுக்குள் நுழைந்து, ஆப்கானிஸ்தானின் மேற்குப் பகுதியைக் கடந்து, மாஸ்கோவுக்கு மிக அருகில் போகும். பின்னர் ஸ்காண்டிநேவியாவைத் தாண்டி, ஏறக்குறைய 65 பாகை வடக்கு வரை ஏறி, ஐஸ்லாந்தின் தென்பகுதி, கிரீன்லாந்தின் தென்முனை என்று இறங்கி, கனடாவின் கிழக்குப் பகுதி வழியாக நியூயார்க்கை அடையும். அட்லாண்டிக்கின் நட்டநடுவில் அல்ல, அதன் வடக்கு ஓரத்தில் கடக்கிறது.

இது தெரிந்தால் என்ன லாபம்? வழியில் எந்த ஊரில் விமானம் மாறினால் சுற்று இல்லை என்பது நூலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நூல் போகும் பாதையிலேயே இருக்கும் ஊர் நல்லது. நூலுக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கும் ஊரில் மாறினால், எவ்வளவு குறைந்த கட்டணமாக இருந்தாலும் உடம்பு அந்த மீதியைக் கொடுக்கும்.

படி 4: மாறும் ஊரைத் தேர்ந்தெடுப்பது

படி 2இல் போட்ட கணக்கை ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டுங்கள்.

மும்பை வழி: கோவை–மும்பை 1,000 கிலோமீட்டர், மும்பை–ஜே.எஃப்.கே. 12,530. கூட்டினால் நேர்த்தூரமேதான். கோடு மும்பை மேல் போவதால் சுற்று என்று எதுவும் இல்லை.

டெல்லி வழி: 1,950ம் 11,755ம் சேர்த்து 13,705. டெல்லி நமக்கு நேர் வடக்கு. இரண்டு நிலையங்களும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. சுற்று 170 கிலோமீட்டர்தான்.

அபுதாபி வழி: 2,795ம் 11,030ம் சேர்த்து 13,825. நேர்த்தூரத்தைவிட 290 கிலோமீட்டர் அதிகம். விமானத்துக்கு அது இருபது நிமிடம். வளைகுடா வழியாகப் போனால் ரொம்பச் சுற்று என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எண்கள் அப்படிச் சொல்லவில்லை.

சிங்கப்பூர் வழி: 3,160ம் 15,350ம் சேர்த்து 18,510. ஐயாயிரம் கிலோமீட்டர் சுற்று. சிங்கப்பூர்–ஜே.எஃப்.கே. உலகின் மிக நீண்ட பயணி விமானத் தடம், பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் ஒரே இருக்கை. கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால் சிலருக்கு இந்த ஆசை வரும். ஆஸ்திரேலியாவுக்கும் ஜப்பானுக்கும் சிங்கப்பூர் அருமையான வழி. நியூயார்க்குக்கு, அறுபது வயதைத் தாண்டிய பெற்றோரை, நான் அந்த வழியில் அனுப்ப மாட்டேன்.

பெங்களூரு போய் பிராங்பர்ட், லண்டன், பாரிஸ் வழியாகப் போவதும் தூரக் கணக்கில் மோசமில்லை. நீண்ட பயணம் இரண்டு சமமான துண்டுகளாக உடைவது சிலருக்குப் பிடிக்கும்.

அபுதாபிக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை அங்கேயே முடித்துவிடும் ஏற்பாடு 2014 முதல் இருக்கிறது. அதை முடித்து ஏறினால் நியூயார்க்கில் உள்நாட்டுப் பயணியைப் போல இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். அதற்கு விலையாக, அபுதாபியில் அந்த வரிசைக்கு நேரம் ஒதுக்க வேண்டும். இடைவெளி மூன்று மணி நேரத்துக்குக் கீழே இருந்தால் நெஞ்சு படபடக்கும்.

இன்னொன்று, தூரத்தோடு சம்பந்தம் இல்லாதது என்றாலும் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில், ஒரே பி.என்.ஆரில் இருக்க வேண்டும். தனித்தனியாக வாங்கினால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் யாரும் பொறுப்பில்லை. பெட்டியும் இடையில் இறங்கிவிடும். அதை எடுத்து மறுபடி போட வெளியே வர வேண்டுமென்றால் அந்த நாட்டு விசா தேவைப்படலாம். ஐந்தாயிரம் ரூபாய் மிச்சம் என்று இப்படி வாங்கித் தரும் ஏஜெண்டிடம் இந்தக் கேள்வியை நேரடியாகக் கேளுங்கள்.

படி 5: தூரத்தை மணியாக்குவது

நீண்ட தூரம் போகும் பெரிய விமானங்கள் மேலே போனபின் மணிக்கு 900 கிலோமீட்டர் அளவில் பறக்கும். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. ஓடுதளத்துக்கு ஊர்ந்து போகும் நேரமும் உண்டு. டிக்கெட்டில் இருக்கும் நேரம் விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் வந்து நிற்பது வரை. அதனால் எளிய விதி: பெரிய விமானம் என்றால் தூரத்தை 850ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள். கோவையிலிருந்து கிளம்பும் ஏர்பஸ் 320 போன்ற சின்ன விமானம் என்றால் 800ஆல் வகுத்து அரை மணி.

கோவை–சார்ஜா 2,770 கிலோமீட்டர். 800ஆல் வகுத்தால் மூன்றரை, அரை மணி சேர்த்தால் நான்கு. கால அட்டவணையிலும் கிட்டத்தட்ட அதுதான் இருக்கும். அபுதாபி–ஜே.எஃப்.கே.: 11,030ஐ 850ஆல் வகுத்தால் பதின்மூன்று, அரை மணி சேர்த்தால் பதின்மூன்றரை. ஆனால் அட்டவணை பதினான்கு என்கிறது. அந்த அரை மணியைத் தின்றது காற்று.

படி 6: காற்றும் மூடிய வானமும்

பூமியின் வட பாதியில், விமானம் பறக்கும் பத்து கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் அதன் வேகம் இன்னும் கூடும். அமெரிக்கா போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. அபுதாபியிலிருந்து நியூயார்க் போகப் பதினான்கு மணி நேரம் எடுக்கும் விமானம், திரும்பி வரப் பன்னிரண்டரை மணியில் முடித்துவிடும். போகும் நேரத்தை இரண்டால் பெருக்கி மொத்தப் பயணம் போடுவது அதனால் சரிப்படாது. கிட்டத்தட்ட 10,000 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே போகிறீர்கள் என்றால் விதியில் வந்த விடையோடு அரை மணியிலிருந்து ஒரு மணி வரை கூட்டுங்கள். கிழக்கே என்றால் அதே அளவு கழியுங்கள்.

அடுத்தது அரசியல். மும்பைக்கு மேலே நம் நூல் போன பாதையை இன்னொரு தடவை பாருங்கள்: பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ரஷ்யா. ரஷ்யா 2022இல் அமெரிக்க, ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்குத் தன் வானத்தை மூடியது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் தெற்கே இறங்கி அரபிக்கடல் வழியாகச் சுற்ற வேண்டி வந்தது. வட அமெரிக்கா போகும் சில விமானங்கள் வழியில் ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. காகிதத்தில் சுற்று குறைவான டெல்லி வழி, இப்படிப்பட்ட காலத்தில் அபுதாபி வழியைவிட நீளமாகிவிடும். வளைகுடாவும் சண்டைக்கு விலக்கல்ல. அங்கும் வானம் மூடப்பட்ட நாட்கள் உண்டு.

ஆகவே அட்டவணையோடு நின்றுவிடாமல், ஃப்ளைட்ரேடார்24 போன்ற செயலியில் உங்கள் விமான எண்ணைப் போட்டு, போன வாரம் அது உண்மையில் எத்தனை மணி நேரம் பறந்தது, எந்தப் பாதையில் போனது, எவ்வளவு தாமதம் என்று பாருங்கள். டிக்கெட் வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டிய விஷயம் இது.

படி 7: கடிகாரம்

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கடிகாரப்படி, சேரும் நேரம் சேரும் ஊர்க் கடிகாரப்படி. இரண்டையும் நேராகக் கழித்தால் விடை தப்பாகும். அபுதாபி நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். நியூயார்க் கோடையில் ஒன்பதரை மணி பின்னால், குளிர்காலத்தில் பத்தரை மணி பின்னால். மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறன்று திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

நேரங்கள் சும்மா உதாரணத்துக்கு. ஜூலையில் ஒரு திங்கட்கிழமை காலை 8 மணிக்குக் கோவையில் விமானம் கிளம்புகிறது. எதிர்க்காற்றோடு நாலேகால் மணி நேரம். நம் கடிகாரப்படி 12.15, அபுதாபியில் 10.45. நான்கு மணி நேரம் காத்திருந்து அங்கே 2.45க்கு ஏறுகிறீர்கள். பதினான்கு மணி நேரம் கழித்து அபுதாபியில் செவ்வாய் அதிகாலை 4.45. நியூயார்க் அதைவிட எட்டு மணி பின்னால் என்பதால் அங்கே திங்கள் இரவு 8.45. கிளம்பிய நாளிலேயே போய்ச் சேர்ந்தாயிற்று. நம் ஊரில் அப்போது செவ்வாய் காலை 6.15, ஆக மொத்தம் இருபத்திரண்டேகால் மணி நேரம்.

திரும்பும்போது அந்த லாபத்தையெல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெள்ளி இரவு 10 மணிக்கு நியூயார்க்கில் ஏறினால், பன்னிரண்டரை மணிப் பயணம், நான்கு மணி காத்திருப்பு, பிறகு நான்கு மணிப் பயணம் என்று கோவையில் இறங்க ஞாயிறு விடிகாலை 4 மணி. சனிக்கிழமை என்று ஒன்று இருந்ததே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் இருக்கிறது, வெள்ளி இரவு கிளம்பினால் சனிக்கிழமை வந்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. டிக்கெட்டில் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் கூட்டல் 1, கூட்டல் 2 என்று இருக்கும். அது எத்தனை நாள் கழித்து என்பதற்கான குறி.

படி 8: வாசலிலிருந்து வாசல் வரை

இப்போது திருப்பூர் வீடு ஒன்றிலிருந்து எடிசன் வரை கூட்டிப் பார்ப்போம். திருப்பூரிலிருந்து அவிநாசி வழியாக விமான நிலையத்துக்குச் சாலையில் ஒன்றேகால் மணி. புறப்பாட்டுக்கு முன் மூன்று மணி. கோவை–அபுதாபி நாலேகால். காத்திருப்பு நான்கு. அபுதாபி–ஜே.எஃப்.கே. பதினான்கு. பெட்டி எடுத்து வெளியே வர ஒரு மணி. அங்கிருந்து எடிசனுக்கு ஒன்றரை மணி. மொத்தம் 29 மணி நேரம்.

மும்பை வழியில் கோவையில் இரண்டரை மணி முன்னால் போனால் போதும், மும்பைக்கு இரண்டு மணி, காத்திருப்பு நான்கு, பிறகு எதிர்க்காற்றோடு பதினாறு. ஆனால் ஜே.எஃப்.கே.யில் குடியேற்ற வரிசைக்கும் பெட்டிக்கும் சேர்த்து இரண்டு மணி வைக்க வேண்டும். சாலை நேரங்களையும் சேர்த்தால் இருபத்தொன்பதேகால். இரண்டு வழிகளும் சமம் என்றே வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் எதைத் தேர்வது? ஒரே மூச்சில் பதினாறு மணி உட்கார முடியாதவர்களுக்கு அபுதாபி. வெளிநாட்டு நிலையத்தில் மொழி தடுமாறும் என்று தயங்கி, இந்தியாவுக்குள்ளேயே விமானம் மாறினால் போதும் என்கிறவர்களுக்கு மும்பை. அப்பா அம்மா மட்டும் போகிறார்கள் என்றால் எந்த வழியானாலும் சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் போடும்போதே பதிவு செய்யுங்கள். வழி தெரியாத பெரிய நிலையத்தில் அடுத்த கேட் வரை கூட்டிப்போக ஓர் ஆள் கிடைப்பார்.

காத்திருப்பு நேரம்தான் இந்தக் கூட்டலில் நாம் கை வைக்க முடிந்த ஒரே எண். இரண்டு மணிக்குக் கீழே போனால் ஆபத்து, ஆறு மணிக்கு மேலே போனால் அலுப்பு. மூன்றரையிலிருந்து ஐந்துக்குள் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். பத்து மணி நேரக் காத்திருப்பு உள்ள டிக்கெட் எட்டாயிரம் ரூபாய் குறைவாக வந்தால், அங்கே சாப்பாட்டுக்கு ஆகும் செலவையும் அதிலிருந்து கழித்துப் பாருங்கள்.

கடைசியாக அழைத்துப் போக வருகிறவருக்குச் செய்தி. விமான எண், இறங்கும் டெர்மினல், சேரும் ஊர்க் கடிகாரப்படி நேரம், தேதி நான்கையும் கிளம்பும் முன் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடுங்கள். அபுதாபி வழி என்றால் இறங்கி ஒரு மணி நேரத்துக்குள்ளும், மும்பை வழி என்றால் இரண்டு மணி நேரம் கழித்தும் வாசலுக்கு வரச் சொல்லுங்கள்.